கச்சா எண்ணெய் இறங்குச்சு, பங்க் விலை அசையல: ஆட்டோ ஓட்டுநரின் கணக்கு எங்கே இடிக்கிறது?

2025 ஏப்ரல் 7-ம் தேதி, பெட்ரோல், டீசல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் உயர்த்தி மத்திய அரசு உத்தரவிட்டது. செய்தியைப் பார்த்த யாருக்கும் 'நாளையிலிருந்து பெட்ரோல் 2 ரூபாய் கூடப் போகுது' என்றுதான் தோன்றியிருக்கும். கூடவில்லை. இந்த உயர்வை எண்ணெய் நிறுவனங்களே ஏற்றுக்கொள்ளும், வாடிக்கையாளர் தலையில் விழாது என்று பெட்ரோலிய அமைச்சகம் அன்றே சொல்லிவிட்டது. சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 80 காசு வாக்கிலும், டீசல் 92 ரூபாய் 40 காசு வாக்கிலும் அப்படியே நின்றன.

அப்போ நிம்மதிதானே? அங்கேதான் சிக்கல். அதே வாரத்தில் சர்வதேச சந்தையில் பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 65 டாலருக்குக் கீழே போனது. அமெரிக்க அதிபர் ட்ரம்ப்பின் வரி அறிவிப்புகளால் உலகப் பொருளாதாரமே சுணங்கிவிடும் என்ற பயம்தான் காரணம். பங்க்கில் விலை குறைந்திருக்க வேண்டிய நேரம் அது. குறைந்திருக்க வேண்டிய பணத்தில் ஒரு பகுதியை வரி எடுத்துக்கொண்டது. ஏறியது கண்ணுக்குத் தெரியாமல் ஏறியிருக்கிறது.

பைக்கில் ஆபீஸ் போகிறவர் முணுமுணுத்துக்கொண்டே 200 ரூபாய்க்குப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். வண்டி ஓட்டியே குடும்பம் நடத்துகிறவருக்கு அது முடியாது. அவருக்குப் பெட்ரோல் என்பது செலவு மட்டுமல்ல, முதலீடு. அந்த முதலீட்டின் விலையை டெல்லியும் எண்ணெய் நிறுவனங்களும் முடிவு செய்கின்றன. அவர் விற்கிற சவாரியின் விலையை மாநில அரசு முடிவு செய்கிறது. முதலாவது பலமுறை ஏறிவிட்டது. இரண்டாவது, சென்னை ஆட்டோக்களைப் பொறுத்தவரை, 2025 ஏப்ரலிலும் 2013 ஆகஸ்ட்டில் நின்ற இடத்திலேயே நின்றது.

2013-ல் 42 ரூபாய், 2025 ஏப்ரலில் 35 ரூபாய்

2013 ஆகஸ்ட்டையே அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம். அப்போது கச்சா எண்ணெய் பீப்பாய் 105 டாலரைத் தாண்டியிருந்தது. டாலர் 63 ரூபாய் வாக்கில் இருந்தது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு லிட்டர் கச்சா எண்ணெய் சுமார் 42 ரூபாய். அன்று சென்னையில் பெட்ரோல் 75 ரூபாய் வாக்கில் விற்றது.

2025 ஏப்ரலில் 65 டாலர், டாலருக்கு 86 ரூபாய். லிட்டருக்குச் சுமார் 35 ரூபாய். சுத்திகரிப்பு, கப்பல் செலவெல்லாம் இதற்கு மேல்தான், ஆனால் அவை அன்றும் இருந்தன. ஆக, மூலப்பொருள் 7 ரூபாய் மலிவாகியிருந்தது, பெட்ரோல் 25 ரூபாய் கூடியிருந்தது. டாலர் மதிப்பு ஏறியதால்தான் விலை ஏறியது என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். டாலர் ஏற்றத்தையும் சேர்த்துத்தான் 35 ரூபாய்.

மீதி எங்கே போனது என்பதற்குப் பதில், வரி. 2013-ல் பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசு. கொரோனா ஊரடங்கில், 2020 மே மாதம், அது 32 ரூபாய் 98 காசு வரை போனது. அந்தச் சமயத்தில் கச்சா எண்ணெய் 20 டாலருக்கும் கீழே விழுந்து எழுந்திருந்தது. உலகமே மலிவாக வாங்கியபோது நம் ஊர் பங்க்கில் அது தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான். பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் இரண்டு தடவை குறைத்து 19 ரூபாய் 90 காசுக்குக் கொண்டுவந்தார்கள். 2025 ஏப்ரலில் மறுபடி 21 ரூபாய் 90 காசு.

டெல்லி மட்டும்தானா?

இல்லை. தமிழ்நாடு அரசின் வாட் வரியும் அப்போது கிட்டத்தட்ட அதே அளவுதான் இருந்தது. நாம் கொடுத்த 100 ரூபாய் 80 காசில் மாநிலத்தின் பங்கு 21 ரூபாய்க்கு மேல். இரண்டையும் கூட்டினால் 43 ரூபாய் வாக்கில் வரியாகவே போனது.

மாநில வரியில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. 2020 மே வரை தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 34 சதவீத வாட் வரி. சதவீதம் என்பதால், விலை இறங்கினால் வரியும் தானாக இறங்கும். அந்த மாதம் அதிமுக அரசு இதை மாற்றியது. 15 சதவீதம், அதோடு லிட்டருக்கு 13 ரூபாய் 2 காசு நிலையான வரி. 2021 ஆகஸ்ட்டில் திமுக அரசின் முதல் பட்ஜெட்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்து, 13 சதவீதம், அதோடு 11 ரூபாய் 52 காசு என்று ஆக்கினார்கள். அமைப்பு அதேதான். கச்சா எண்ணெய் எவ்வளவு இறங்கினாலும் அந்த 11 ரூபாய் 52 காசு அசையாது. டீசலுக்கு 11 சதவீதத்தோடு 9 ரூபாய் 62 காசு. தேர்தல் வாக்குறுதியில் பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பெட்ரோலில் 3 ரூபாய் குறைந்தது, டீசல் வரியில் கை வைக்கவில்லை.

மாநிலத்தின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. மத்திய அரசு 2025 ஏப்ரலில் வசூலித்த 21 ரூபாய் 90 காசில், மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படை கலால் வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மற்றதெல்லாம் சிறப்பு கூடுதல் வரி, சாலை செஸ், விவசாய உள்கட்டமைப்பு செஸ் என்ற பெயர்களில் வந்தது. அவற்றில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. 41 சதவீதப் பகிர்வு என்று கணக்குப் போட்டால், எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து லிட்டருக்கு 57 காசு. 'நீங்க முதல்ல குறைங்க' என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருப்பதன் பின்னணி இது. பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரும் பேச்சு 2021 செப்டம்பர் லக்னோ கூட்டத்தில் வந்தபோது, இது அதற்கான நேரமல்ல என்று தள்ளிவைத்ததும் இதனால்தான். இந்த வருமானத்தை விட இரு தரப்புக்கும் மனமில்லை.

தினமும் மாறும் விலை ஏன் மாறவில்லை?

சட்டப்படி பெட்ரோல் விலையை 2010-லிருந்தும், டீசல் விலையை 2014 அக்டோபரிலிருந்தும் சந்தைதான் முடிவு செய்கிறது. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் முறையும் வந்தது. நடைமுறையில்? 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 21 வரை நான்கு மாதங்களுக்கு மேல் விலை அசையவில்லை. உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடிந்தன. மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை 16 நாளில் 14 முறை ஏறி, லிட்டருக்கு 10 ரூபாய் கூடியது. அதன் பிறகு மறுபடியும் உறைநிலை. 2024 மார்ச் 15-ல் 2 ரூபாய் குறைந்தது. அடுத்த நாள் மக்களவைத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது.

எண்ணெய் நிறுவனங்கள் தரப்பில் ஒரு பதில் உண்டு. உக்ரைன் போர் தொடங்கியபோது நஷ்டத்துக்கு விற்றோம், அதை ஈடுகட்ட வேண்டாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், 2022-க்கு. 2023-24 நிதியாண்டில் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் சேர்ந்து ஈட்டிய லாபம் சுமார் 81,000 கோடி ரூபாய். 2025-ல் கேஸ் சிலிண்டரில் நஷ்டம் என்றார்கள். கலால் வரி உயர்ந்த அதே நாளில் சிலிண்டருக்கும் 50 ரூபாய் ஏற்றி, சென்னையில் 868 ரூபாய் 50 காசு ஆக்கினார்கள். ஆட்டோ ஓட்டுநர் வீட்டில் விலை ஏறியது இந்த வழியாக.

மீட்டர் போட்டால் கையில் என்ன நிற்கும்?

சென்னையில் ஆட்டோ ஏறும் எல்லோருக்கும் தெரிந்த வசனம்: "மீட்டரா? கட்டுப்படியாகாதுங்க." இது சாக்கா, நிஜமா? போட்டுப் பார்த்துவிடலாம்.

2007-க்குப் பிறகு 2013 ஆகஸ்ட்டில் அரசு நிர்ணயித்த கட்டணம்தான் 2025 ஏப்ரலிலும் சட்டப்படியான கட்டணமாக இருந்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-வது பிரிவுப்படி இதை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு மட்டுமே.

ஓர் உதாரணக் கணக்கு. ஒரு நாளில் வண்டி 120 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 80 கிலோமீட்டர் சவாரியோடு, 40 கிலோமீட்டர் காலியாக. (ஆளை இறக்கிவிட்டு அடுத்த ஆளைத் தேடி வரும் தூரம். பயணி கணக்கில் எடுத்துக்கொள்ளாத தூரமும் இதுதான்.) நெரிசலில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கிடைக்கிறது என்று வைப்போம். 4.8 லிட்டர் வேண்டும். 2025 ஏப்ரல் விலையில் சுமார் 485 ரூபாய். 2013-ல் இதே ஓட்டத்துக்கு 360 ரூபாய். நாளுக்கு 125 ரூபாய் வித்தியாசம். மாதம் 26 நாள் ஓட்டினால் 3,250 ரூபாய்.

வரவு? அந்த 80 கிலோமீட்டரை 5 கிலோமீட்டர் வீதம் 16 சவாரி என்று பிரித்தால், மீட்டர்படி ஒரு சவாரிக்கு 63 ரூபாய் 40 காசு. மொத்தம் 1,014 ரூபாய். பெட்ரோல் போக 529. வாடகை வண்டி என்றால், நாள் வாடகை 300 ரூபாய் என்று வைத்தாலும் மிச்சம் 229 ரூபாய். காலையிலிருந்து ராத்திரி வரை ஓட்டியதற்கு. டீ, டிபன், பஞ்சர், போலீஸ் அபராதம் எதுவும் இதில் இல்லை. சொந்த வண்டி என்றால் வாடகைக்குப் பதில் டியூ, இன்சூரன்ஸ், எஃப்சி.

ஆக, மீட்டர் கட்டுப்படியாகாது என்பது நிஜம்தான். சென்னையில் நிறைய ஆட்டோக்கள் எல்பிஜியில் ஓடுகின்றன. அவர்களுக்கு எரிபொருள் செலவு கொஞ்சம் லேசு. ஆனால் கேஸ் பங்க்குகள் குறைவு, வரிசையில் நிற்கிற நேரமும் சவாரி போகவேண்டிய நேரம்தான்.

ஆனால் மீட்டரைக் கைவிட்ட இடத்தில் என்ன வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 63 ரூபாய் கட்டுப்படியாகாது என்பது, அதிகாலை நாலு மணிக்கு கோயம்பேட்டில் பையோடு நிற்கிற ஒருவரிடம் 5 கிலோமீட்டருக்கு 250 ரூபாய் கேட்பதை நியாயப்படுத்தாது. பெட்ரோல் விலையை எவ்வளவு இழுத்துப் பார்த்தாலும் அந்தக் கணக்கு வராது. சட்டப்படியான கட்டணம் நம்ப முடியாத அளவுக்குப் பழசாகிவிட்டதால், மீறுவதற்கும் அளவு இல்லாமல் போய்விட்டது. 2013-ல் புதிய கட்டணம் வந்தபோது சில மாதங்கள் மீட்டர் ஓடியது. ரசீது தரும் ஜிபிஎஸ் மீட்டரை அரசே இலவசமாகத் தரும் என்ற அறிவிப்பும் வந்தது. அது வண்டிகளில் ஏறவில்லை. அதன் பிறகு கட்டணத்தைத் திருத்தாமல், கண்காணிப்பையும் விட்டுவிட்டார்கள்.

ஆப் வந்தபிறகு மாறியதா?

பேரம் குறைந்தது, அது உண்மை. கட்டணம் மீட்டரை விட அதிகம் என்றாலும், ஏறும் முன்பே தெரிகிறது. ஓட்டுநர்கள் தரப்பில் கமிஷன்தான் பெரிய புகாராக இருந்தது. நம்ம யாத்ரி, ரேபிடோ போன்றவை கமிஷன் இல்லாமல் சந்தா மட்டும் வாங்கும் முறையைக் கொண்டுவந்தன. 2025 பிப்ரவரியில் உபேரும் ஆட்டோக்களுக்கு அந்த வழிக்கு வந்துவிட்டது.

ஆனால் புக் செய்தவுடன் "எங்க போகணும்? கேஷா, ஆன்லைனா?" என்று வருகிற போன் நிற்கவில்லை. இதற்கும் பெட்ரோல் கணக்கு இருக்கிறது. 2025 ஏப்ரல் விலையில் வண்டி ஒரு கிலோமீட்டர் ஓட 4 ரூபாய். உங்களை ஏற்றிக்கொள்ள 2 கிலோமீட்டர் வரவேண்டும் என்றால், நீங்கள் ஏறும் முன்பே 8 ரூபாய் போய்விடுகிறது. சவாரி 1.5 கிலோமீட்டர்தான், இறங்குமிடத்தில் திரும்ப ஆள் கிடைக்காது என்றால் கேன்சல். கோபம் வருவது நியாயம். ஆனால் எந்தச் சவாரியைக் கேன்சல் செய்கிறார்கள் என்று கவனித்தால், அதிகமும் காலி ஓட்டம் அதிகமுள்ள சவாரிகள்தான்.

ஆப் இல்லாதவர்கள் நிலை மோசமாகியிருக்கிறது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியாத வயதானவர்கள் ஸ்டாண்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே மீட்டரும் இல்லை, திரையில் தெரியும் கட்டணமும் இல்லை.

டீசலில் அடி இன்னும் பலம்

பெட்ரோலை விட டீசல் மலிவு என்பதால் இது கண்ணில் படுவதில்லை. 2013-ல் சென்னையில் டீசல் 55 ரூபாய் வாக்கில் இருந்தது. அப்போது டீசலுக்கு மானியம் இருந்தது, மாதம் 50 காசு வீதம் ஏற்றி அதை முடித்துவைத்தார்கள். 2025 ஏப்ரலில் 92 ரூபாய்க்கு மேல். பெட்ரோல் மூன்றில் ஒரு பங்கு ஏறியபோது, டீசல் மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருந்தது. பாரம் ஏற்றிய லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால், 1,000 கிலோமீட்டருக்கு 2013-ல் 13,750 ரூபாய், 2025 ஏப்ரலில் 23,000 ரூபாய்.

நாமக்கல் லாரிக்காரர்கள் இதைச் சமாளித்த ஒரு வழி, விலை குறைவான மாநிலத்தில் டேங்கை நிரப்புவது. ஓசூர் தாண்டினால் கர்நாடகாவில் லிட்டருக்கு 3 ரூபாய் வரை மிச்சமானது. 2025 ஏப்ரல் 1 முதல் கர்நாடகா டீசல் விற்பனை வரியை 21.17 சதவீதமாக உயர்த்தி, லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றிவிட்டது. அந்த மிச்சத்தில் பெரும்பகுதி போயிற்று. லாரிக்கு மீட்டர் கிடையாது, வாடகையை பேரம்தான் முடிவு செய்யும். லோடு குறைவான மாதங்களில் டீசல் உயர்வை வாடகையில் ஏற்ற முடியாது. ஏற்ற முடிந்த மாதங்களில் அது காய்கறி விலையில் உங்களிடம் வந்துசேரும்.

18 ரூபாய் கேட்பது சரியா?

அரசு திருத்தவில்லை என்பதால், 2025 பிப்ரவரி 1 முதல் ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே ஒரு கட்டணத்தை அறிவித்தன. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய். தன்னிச்சையாக உயர்த்தினால் நடவடிக்கை என்று அரசு எச்சரித்தது. சட்டப்படி அரசு சொல்வது சரி. 12 வருடமாக அந்தச் சட்டக் கடமையைச் செய்யாதவர்கள் சொன்னதால் அதில் பலம் இல்லை.

மேலே போட்ட கணக்கையே வைத்துப் பார்த்தால் சங்கங்களுக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. காலி ஓட்டத்தையும் சேர்த்தால், சவாரியோடு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2013-ல் பெட்ரோல் செலவு 4 ரூபாய் 50 காசு, 2025 ஏப்ரலில் 6 ரூபாய் 6 காசு. பெட்ரோல் உயர்வுக்கு மட்டும் ஈடு என்றால், 12 ரூபாய் 13 ரூபாய் 56 காசு ஆனால் போதும். 18 ரூபாய் என்பது பெட்ரோலுக்காக மட்டும் கேட்பதல்ல. அரிசி, வீட்டு வாடகை, ஸ்கூல் ஃபீஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்பது. இந்த 12 வருடத்தில் விலைவாசி ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. 12-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 18. அந்த எண் நியாயமானதுதான். ஆனால் குறைந்தபட்சக் கட்டணத்தை 25-லிருந்து ஒரேயடியாக 50 ஆக்குவதை இந்தக் கணக்கால் தாங்கிப்பிடிக்க முடியாது. மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்தான் அதைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மற்ற ஊர்களில் 2025 ஏப்ரலில் என்ன நிலை? பெங்களூருவில் 2021 டிசம்பரில் திருத்தி, முதல் 2 கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு 15 ரூபாய் என்று வைத்தார்கள். கேரளாவில் 2022-ல் முதல் 1.5 கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு 15 ரூபாய். மும்பையில் ஒரு படி மேலே போய், கட்டுவா கமிட்டி பரிந்துரைத்த சூத்திரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். எரிபொருள் விலை, வண்டி விலை, வாழ்க்கைச் செலவு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக் கட்டணத்தைத் திருத்துகிறார்கள். 2021-ல் 21 ரூபாய், 2022-ல் 23, 2025 பிப்ரவரி 1 முதல் 26. ஒவ்வொரு தடவையும் பயணிகள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஏறுவது இரண்டு, மூன்று ரூபாய். மும்பை ஆட்டோவில் மீட்டர் ஓடுகிறது.

சென்னையில் கட்டணத் திருத்தத்துக்கான அரசாணை 2025 ஏப்ரல் வரை வரவில்லை. 2025 ஏப்ரல் 8 முதல் கூடிய அந்த 2 ரூபாய் வரியை அப்போதைக்கு எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் லாபத்திலிருந்து கட்டின. கச்சா எண்ணெய் மறுபடி 80 டாலரைத் தொட்டால் அவர்களால் அப்படிக் கட்ட முடியாது. அந்த நாளில் மத்திய அரசு வரியைத் திரும்பக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் பங்க் விலை ஏற வேண்டும். மீட்டரில் அன்றைக்கும் 12 ரூபாய்தான் காட்டும்.